சேர் என்னுடையது, எழுத்து அவளுடையது

ஜனவரி 20, திங்கள்

எருத்தேன்பதிக் கல்யாணச் சாமான் திரும்பி வந்தது. முந்நூறு சேர் போனது. வந்தது இருநூற்றுத் தொண்ணூற்றேழு. அண்டா எல்லாம் சரி. ஒன்றில் மட்டும் அடி கருகியிருக்கிறது, பாயசமாக இருக்கும். மாப்பிள்ளையின் மாமாவுக்குப் போன் போட்டேன். "மூணு சேர்தானுங்க, எங்கியாச்சும் கெடக்கும்" என்றார். பெண் வீட்டார் மூணாறு பக்கமாம். டெம்போவில் இடம் போதாமல் நடுவில் சேர் போட்டு உட்கார்ந்தே மலையேறிவிட்டார்களாம். பெண்ணை விட்டுவிட்டு என் சேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போகட்டும். நாற்பது இரும்புச் சேரோடு கொல்லங்கோட்டில் வாடகைக் கடை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பேர் அடிக்காத ஒரு கரண்டி கூட என் குடோனைத் தாண்டியதில்லை. போன வருடம் அறுநூறு சேருக்கும் புதிதாக அடித்தேன். 'சங்கரி, கொல்லங்கோடு', கீழே போன் நம்பர். நல்ல தடித்த எழுத்து. பக்கத்து அறையில் என் பிளக்ஸ் கடையைப் பார்த்துக்கொள்ளும் நிமி தேர்ந்தெடுத்தது. முதுகுப் பக்கம் அடித்தால் அடுக்கும்போது உரசி அழிகிறது என்று சாய்மானத்தின் உட்பக்கம் அடிக்கச் சொன்னேன்.

ஜனவரி 23, வியாழன்

சேர் பேசிவிட்டது. மூணாறு பக்கத்துச் சித்திரபுரத்திலிருந்து ஒரு பெண் போன் போட்டாள்.

"சங்கரியக்காவா? உங்க சேர் ஒண்ணு இங்க சுடலை டீக்கடையில கெடக்கு."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் யார் இப்படிக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்? "நல்லா இருப்பே அம்மிணி. லாரியில ஏத்தி உடு, சார்ஜ் நான் குடுத்துக்கறேன்" என்றேன்.

"சேர் உங்களோடதுதான்க்கா. அதுல இருக்க எழுத்து என்னோடது."

பெயின்டர் என்று நினைத்தேன். இல்லையாம். கம்ப்யூட்டரில் போடுகிற எழுத்தின் வடிவத்தை, அகரத்திலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக உட்கார்ந்து வரைந்தவளாம். பேர் ஜிஸ்மி. எழுத்தின் பேர் கத்தரீனா, அவள் அம்மா பேர். "ரெண்டரை வருசம் வரைஞ்சேன்க்கா. காசு குடுத்து வாங்கினவங்க நாப்பத்தொரு பேரு. அத்தன பேரையும் எனக்குத் தெரியும். நீங்க அதுல இல்ல."

"எழுத்துக்கு ஆரும்மா சொந்தக்காரங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பிளாஸ்டிக்குக்கு யாருக்கா சொந்தக்காரங்க?" என்றாள்.

நம்பரைக் குறித்துக்கொண்டு போனை வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் என் சேரை வைத்து என்னிடமே கணக்குக் கேட்டது இவள்தான் முதல்.

ஜனவரி 24, வெள்ளி

நிமியிடம் கேட்டேன். "எல்லாவரும் இதுதான் உபயோகிக்கிறது சேச்சி. பிளக்ஸ்காரங்க வாட்சாப் குரூப்ல வந்தது" என்றாள். குரூப்பில் போட்டவர் எருத்தேன்பதி பிளக்ஸ் கடை ஏசுரத்தினம். அவர் கடையிலும் இதே எழுத்து. சித்தூரிலும் இதே. யோசித்துப் பார்த்தால் இந்தப் பக்கத்தில் பூப்புனித நீராட்டு, கோயில் நோன்பு, சாவு, எல்லாம் கத்தரீனாவில்தான் நடக்கிறது.

திருடிய எழுத்தில் என் பேரை எழுதி, இதைத் திருடாதே என்று அறுநூறு தடவை ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜிஸ்மியை நேரில் வரச் சொன்னேன். வந்தாள். முப்பத்து மூன்று முப்பத்து நான்கு இருக்கும். அப்பா மின்சார வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நான் பக்கத்திலேயே நிமியை நிறுத்திவைத்திருந்தேன். அவள் நேராகக் குடோனுக்குள் போனாள். அடுக்கிவைத்த சேர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்த்தாள். திருடியதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏன்க்கா, பெயின்ட் அடிக்கத் தகடு வெட்டும்போது இந்தக் 'கொ'வோட கொம்பை இப்படி ஒடிச்சிட்டீங்க" என்றாள். பிள்ளை காலில் அடிபட்டால் பார்க்கிற பார்வை. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. காப்பி போடச் சொன்னேன்.

காப்பி குடிக்கும்போது கணக்குச் சொன்னாள். ஒரு முறை விற்றால் விற்றதுதான். வாங்கியவன் அடுத்தவனுக்கு அனுப்பிவிடுகிறான். வெளிநாட்டில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒன்றாக வைத்துச் சந்தாவுக்கு விடும். யார் எழுத்தை எவ்வளவு எடுத்தார்களோ அவ்வளவு பங்கு. அதில் கத்தரீனாவும் இருக்கிறது. போன மூன்று மாதத்துக்கு வந்த பங்கில் சுடலை கடையில் ஒரு டீ குடிக்கலாம், வடை கடன்.

"இந்த வருசம் முடியறதுக்குள்ள எழுத்து சோறு போடணும்க்கா. இல்லன்னா மால்டா போறேன். வயசானவங்களப் பாத்துக்கிற வேலை. ஏஜென்சியில பேரு குடுத்தாச்சு."

அவள் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். நான் ஒரு அண்டாவை ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அன்றைக்கு இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. இவள் பொருள் ஒரே நாளில் நூறு கடைக்குப் போகும். நசுங்காது, அடி கருகாது, கால் ஒடியாது. ஏற்றுக்கூலி இல்லை, குடோன் வாடகை இல்லை. டெம்போவில் உட்கார்ந்து யாரும் மலையேற முடியாது. இப்படி ஒரு சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு இவள் மால்டாவில் கிழவர்களைக் குளிப்பாட்டப் போகிறாளாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

போனில் சொன்னேன்: விற்காதே, வாடகைக்கு விடு. ஊர் ஊராகக் கடை பிடித்துத் தருவது என் பொறுப்பு. வாடகையில் நாலில் ஒரு பங்கு எனக்கு.

"ஆறுல ஒண்ணு" என்றாள். ஐந்தில் முடிந்தது. பேரம் தெரிந்த பெண்தான்.

என் சேர் எழுத்துக்கும் பேச வேண்டியிருந்தது. இணையத்தில் ஒரு பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனைக்குக் காசு என்று ஒரு முறை உண்டாம். அதுபோல ஒரு சேர் ஒரு விசேஷத்துக்குப் போனால் பத்துப் பைசா என்றாள். நான் விடுவேனா? "ஆள் உக்காந்தா முதுகு மறைச்சுக்கும், எழுத்துத் தெரியாது. காலியாக் கெடக்கற சேருக்கு மட்டும் தர்றேன்" என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். பாதிச் சேர் காலி என்று வைத்துக் கணக்கு முடித்தோம். என் வாடகைக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட காகிதம் உண்டு. இதற்கும் ஒன்று தபாலில் போகிறது.

மார்ச் 12, புதன்

பதினெட்டுக் கடை ஏறி இறங்கியாயிற்று. சித்தூரில் ஒருவர், "எழுத்துக்கு வாடகைன்னா எங்க ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு எத்தன வருசத்துப் பாக்கி வருமுங்க?" என்றார். கடையே சிரித்தது.

"பேசறது உங்க வாய்தானுங்க. மைக்செட் என்னுது" என்றேன். சிரிப்பு நின்றது. வாடகை வரவில்லை.

சும்மா கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்? அந்தச் சும்மாவில் இல்லாத ஏதாவது வேண்டும். இங்கே ஒவ்வொரு போர்டிலும் தமிழும் மலையாளமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். தமிழ் ஒரு ஜாடை, மலையாளம் வேறு ஜாடை. சம்பந்தம் ஒத்துவராத இரண்டு குடும்பம் போட்டோவுக்கு நின்றமாதிரி இருக்கும். கத்தரீனாவுக்கு ஒரு மலையாளத் தங்கச்சி வேண்டும் என்று ஜிஸ்மியிடம் சொன்னேன்.

"அதை ஒரு வருசமா வரைஞ்சிட்டிருக்கேன்க்கா. யாரும் கேக்கல" என்றாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இரண்டு மொழி எழுத்தும் சேர்ந்து வெளிவந்தது. வாடகைக்கு மட்டும். கொச்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் ஜிஸ்மியின் தம்பி ரிஜோ ஒரு புரோகிராம் எழுதிக்கொடுத்திருக்கிறான். அது பழைய திருட்டு எழுத்தை அழித்துவிட்டு, அடிக்கிற போர்டுகளை எண்ணி வாடகை போட்டுக்கொள்ளும். மாதம் பிறந்து அந்த வாடகை ஏறாவிட்டால் எழுத்து கடையிலிருந்து தானாக இறங்கிவிடும். நான் ஆள் அனுப்பிச் சாமான் எடுத்து வர வேண்டியதில்லை. இப்படி ஒரு வசதி அண்டாவுக்கு வரக் கூடாதா?

ஏழு கடை சேர்ந்திருக்கிறது. முதல் ஆள் ஏசுரத்தினம். குரூப்பில் போட்ட குற்ற உணர்ச்சி என்கிறார். கோயில் நோன்பு போர்டுக்கு மலையாளம் வேண்டியிருக்கிறது என்பது நிமி சொன்னது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஜிஸ்மியின் அம்மா போனில் வந்தார். "ஏம்மா, எம்பேர வாடகைக்கு விடுதீங்களாமே?" கோபமா விளையாட்டா தெரியவில்லை. நல்ல கிராக்கி இருக்கிறது என்றேன். "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மே 15, வியாழன்

இருபத்து மூன்று கடை.

ஜூன் 1, ஞாயிறு

அசிங்கமாகிவிட்டது.

எருத்தேன்பதியில் ஒரு பெரியவர் நேற்றுத் தவறிவிட்டார். காலையில் ஏசுரத்தினம் கடையில் அஞ்சலி போர்டு அடித்திருக்கிறார்கள். மே மாதம் நேற்றோடு முடிந்தது. அந்த மாத வாடகையை அவர் கட்டவில்லை. எழுத்து இறங்கிவிட்டது. எழுத்து இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிடும். மெஷின் ஓட்டுகிறவர் ஒடிசாக்காரர், அவருக்கு எதுவும் ஒன்றுதான். எட்டடிப் போர்டு, பெரியவரின் படம், கீழே கண்ணீர் அஞ்சலி இருக்க வேண்டிய இடத்தில் பூச்சி பூச்சியாக ஏதோ. வாசலில் கட்டிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே போட்டிருந்த சேர்கள் என்னுடையவை. காலை ஐந்தரைக்கே அனுப்பியிருந்தேன். அட்வான்ஸ் வாங்கவில்லை. யாரும் கேட்கக்கூட இல்லை. சாவு என்று காதில் விழுந்தால் ஐம்பது சேரும் பந்தலும் முதலில் போகும். காசுப் பேச்சு பதினாறாம் நாள் கழித்து. இந்தப் பக்கத்தில் வாடகைக் கடை வைத்திருக்கிற எவரும் அதை மீற மாட்டார்கள்.

ஏசுரத்தினம் வாசலில் வைத்தே கேட்டார். "ஏனுங்க்கா, உங்க சேரு சாவு ஊட்டுக்குக் கேக்காம வருது. உங்க எழுத்து மட்டும் சாவு ஊட்டுல எந்திரிச்சுப் போகுதே, அது எந்த ஊரு மொறைங்க?"

கட்டாதது அவர். ஆனாலும் கேட்டது நியாயம்.

ஜூன் 2, திங்கள்

தானாக இறங்குவது வசதி என்று ஏப்ரலில் எழுதியிருக்கிறேன். எழுதியவளை எங்கேயாவது பார்த்தால் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

ஜிஸ்மியிடம் பேசி முடிவு செய்தோம். புரோகிராமில் 'துக்கம்' என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் அந்த வேலைக்கு வாடகை இல்லை, பாக்கி இருந்தாலும் எழுத்து மூன்று நாள் இறங்காது. வெளிநாட்டுக் கம்பெனிகளில் இப்படி உண்டா என்று கேட்டேன். "அங்க யாரும் சாக மாட்டாங்க போலக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரிஜோ ஜூலைப் பட்டியல் அனுப்பினான். இருபத்து மூன்று கடையில் நூற்று நாற்பத்தாறு சாவு. ஏசுரத்தினம் கடையில் மட்டும் முப்பத்தொன்று. கொள்ளை நோய் வந்தால்கூட இத்தனை பேர் போக மாட்டார்கள். நேற்று எருத்தேன்பதி வழியாகத்தான் வந்தேன். எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

வாடகை பாதியாகிவிட்டது.

ஆகஸ்ட் 2, சனி

பட்டியலை முழுதாகப் படித்தேன். எங்கள் கடையிலேயே நான்கு சாவு. நிமியைக் கூப்பிட்டேன்.

"சேச்சிதானே சிலவு குறைக்கச் சொன்னது" என்றாள். நான்கில் ஒன்று என் தங்கை பேத்தியின் காதுகுத்து.

நான்கையும் என் கைக்காசு போட்டுக் கட்டினேன். இதை ஜிஸ்மியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதியது போதும்.

செப்டம்பர் 3, புதன்

ஓணத்துக்கு எல்லாக் கடையிலும் இராப்பகல் வேலை. புரோகிராமில் பார்த்தால் ஊரே துக்கம் கொண்டாடுகிறது. ரிஜோ, பட்டனை எடுத்துவிடலாம் என்கிறான். முடியாது என்றேன். சாவு வீட்டுக்கு ஒருமுறை கொடுத்ததை எப்படித் திருப்பி வாங்குவது?

ஜிஸ்மி அமைதியாகச் சொன்னாள். "ஏஜென்சியில டேட் வந்திருச்சுக்கா. டிசம்பர் இருபது, கொச்சியில பிளைட். டிசம்பர் பத்துக்குள்ள கட்டாயம் வாரேனா இல்லையான்னு சொல்லணும்."

"நீ என்ன சொல்லப்போறே?"

"செத்தவங்க எந்திரிச்சா சொல்லுதேன்."

செப்டம்பர் 8, திங்கள்

ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்யச் சொன்னேன். துக்கம் அமுக்கினால் தவறியவர் பேரை எழுத வேண்டும். பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சம் கை கூசட்டும். எனக்கும் பட்டியல் தினமும் வரட்டும். சேர் அனுப்ப உதவும்.

அக்டோபர் 10, வெள்ளி

கை கூசவில்லை. 'மாரியம்மாள்' என்று ஒரே மாதத்தில் ஒன்பது தடவை தவறியிருக்கிறார்கள்.

நவம்பர் 26, புதன்

இதை எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. காலையில் வரவில்லை.

பட்டியலில் ஏசுரத்தினம் கடைக் கணக்கில் 'சாந்தம்மாள்' என்று இருந்தது. சாந்தம்மாள் எனக்கு வேண்டியவள். அவள் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் நான்தான். சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்து போன மாதம்தான் வீடு திரும்பினாள். பொய்ப் பட்டியலிலும் நிஜச் சாவு வரும்தானே? போன் போட்டு, செத்தாளா என்று கேட்க முடியுமா? சாவு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சேர் அனுப்பிய பழக்கம் எனக்கு இல்லை. ஐம்பது சேர் வண்டியில் ஏற்றி, கடைவீதியில் பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கி, நானும் ஏறிப் போனேன். வழியெல்லாம் அவளை நினைத்து இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டேன். அது வீண்.

வாசலில் கூட்டம். நடுவில் சாந்தம்மாள், கைகூப்பிக்கொண்டு. பஞ்சாயத்துத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாளாம். சுற்றிலும் அவள் படம் போட்ட போர்டுகள், எல்லாம் கத்தரீனாவில்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "மாலை எனக்குங்களா சங்கரி? சேரு வேற. கேக்காமயே கொண்டாந்திருக்கீங்களே." வண்டியிலிருந்து மாலையை அவளே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது.

நான் பேசாமல் வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? ஓரமாகக் கூட்டிப் போய், எந்தக் கணக்கில் அவள் போர்டு அடிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் போனில் காட்டினேன். தவறியவர் பேர்: சாந்தம்மாள். அவள் முகம் சுண்டிவிட்டது. மாலையைக் கழற்றி, அதைத் தொட்டதே இல்லை என்பதுபோல வேலியில் மாட்டினாள்.

"நோமினேசன் குடுத்த கையோடயே என்னைய எழவுல எழுதிப்போட்டானா? வண்டிய எடுங்க."

ஏசுரத்தினம் கடையில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அவருக்கும் மானம் உண்டு. அத்தனை போர்டையும் வாடகை கட்டித் திரும்ப அடிக்க வைத்தாள், பில்லைக் கையில் வாங்கிய பிறகுதான் நகர்ந்தாள். ஐம்பது சேரோடு வண்டியைத் திருப்பும்போது, "இறக்காம போனதுக்கும் வாடகை உண்டுங்களா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். துக்கக் கணக்கு.

நவம்பர் 28, வெள்ளி

ஊர் பூராவும் பரவிவிட்டது. எந்த வேட்பாளர் பிளக்ஸ் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, "எழவுக் கணக்குல அடிக்கலீங்களே?" கட்சி வித்தியாசம் இல்லை. பில்லைப் பார்க்காமல் ஒருவரும் போர்டு எடுப்பதில்லை. சித்தூரில் ஒரு கல்யாண வீட்டார், பத்திரிகை அடித்த கடையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை பேர் பட்டியலில் இல்லை என்று என்னிடம் போனில் உறுதி வாங்கினார்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று ஆகஸ்டில் ரிஜோ சொன்னான். நல்லவேளை, அந்தச் செலவு மிச்சம்.

டிசம்பர் 3, புதன்

நாற்பத்தாறு கடை. பில் கேட்கிற வேட்பாளர்களுக்குப் பயந்து திருட்டு எழுத்துக்காரர்களும் வந்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் கணக்குக் கேட்டவரும் ஒருவர். போன வாரம் முழுதும் எல்லாக் கடையும் சேர்த்து இரண்டே சாவு. இரண்டும் நிஜம். இரண்டு வீட்டுக்கும் சேர் போயிற்று.

ஜிஸ்மிக்குத் தொகையை மட்டும் அனுப்பினேன், வேறொன்றும் எழுதவில்லை. இரு என்று சொல்ல நான் யார்? ஐந்தில் ஒரு பங்குக்காரி சொன்னால் அது புத்திமதியா, வியாபாரமா? எனக்கே தெரியாது. அவளிடமிருந்தும் பதில் இல்லை.

டிசம்பர் 10, புதன்

இன்றுதான் அவள் ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டிய கடைசி நாள். போன் வரவில்லை. நானும் போடவில்லை. மூன்று தடவை எடுத்து வைத்தேன்.

டிசம்பர் 13, சனி

சாந்தம்மாள் பதினொரு ஓட்டில் ஜெயித்துவிட்டாள். செத்துப் பிழைத்தவளுக்கு ஆயுசு கெட்டி என்று ஊரில் பேச்சு. ஏசுரத்தினம், அதற்கும் தானே காரணம் என்கிறார். வெற்றி விழாவுக்கு இருநூறு சேர், இந்த முறை கேட்டுத்தான் போனது.

டிசம்பர் 20, சனி

காலையில் பத்து மணிக்குப் போனில் ஒரு படம் வந்தது. சுடலையின் டீக்கடை வாசல். பின்னால் பனி. ஜிஸ்மி கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஏதோ வரைந்த காகிதம். பக்கத்தில் ஒரு தட்டில் வடை.

உட்கார்ந்திருப்பது என் சேர். முதலில் கால் ஒடிந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒடியவில்லை. அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். அவள் கொச்சியில் பிளைட் ஏற வேண்டிய நாள்.

எழுத்துத் தெரியவில்லை. அவள் முதுகு மறைத்திருந்தது. ஒப்பந்தப்படி அந்த நேரத்துக்கு அவளுக்கு ஒன்றும் கிடையாது. அதை மட்டும் பதிலாக அனுப்பினேன்.